காப்புக் கயிறும் மாத்திரையும்

வாய் இருக்கே, அது சும்மா கிடக்காது. "இவளுக்கு வயித்தால போற ரத்தம் நின்னுட்டா, அம்மாளே, இவளை ஒனக்குத் தீ மிதிக்க வைக்கிறேன்" என்று போன வருசம் நேர்ந்துகொண்டது அழகமுத்துவின் வாய்தான். பொஞ்சாதி வெள்ளையம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொழும்பு டொக்டர் ஸாஹிரா கொடுத்த மாத்திரையில் ரத்தம் நின்றது. ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் அவள் மறுபடி பால் வெட்டப் போனாள். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைக்கணும், இன்னொரு தடவை நோய் முத்தினால் குடலையே வெட்டி எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அம்மன் கோயில் திருவிழா வந்தது. தீ மிதிக்க வெள்ளையம்மாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினவர் மருந்து தொடக் கூடாது என்பது அந்தத் தோட்டத்து லய வீடுகளின் கட்டுப்பாடு. "பத்து நாள்தானேங்க, இருந்துர்றேன்" என்றாள். அழகமுத்துவும் மண்டையை ஆட்டினான், மடையன்!

ஐந்தாம் நாளே ரத்தம் திரும்பிவிட்டது. சொன்னால் தீட்டு என்று காப்பை அவிழ்த்துவிடுவார்கள், புருசன் நேர்ந்தது பொய்யாகிவிடும் என்று அவள் மூச்சு விடவில்லை. எட்டாம் நாள் காலையில் பால் வாளியோடு மரத்தடியில் சுருண்டு விழுந்தாள். தோட்டத்து லொறியில் போட்டுக் கொழும்புக்கே கொண்டுபோனார்கள்.

வார்டில் டொக்டர் ஸாஹிரா ஏசவில்லை. அதுதான் அழகமுத்துவுக்கு இன்னும் சுட்டது.

"கிருமியை அடிக்கிறதுக்குன்னு உடம்புல அணுக்கள் இருக்கு, அழகமுத்து. 'போதும், நிறுத்து'ன்னு அதுகளை அடக்குற அணுக்களும் இருக்கு. இவங்க குடல்ல அடக்குறதுகளால முடியல்ல. அதனால மத்ததுக சொந்தக் குடலையே அடிச்சுப் புண்ணாக்குது. இவ்வளவு நாளும் மாத்திரைதான் அதுகளை அடக்கி வச்சிருந்திச்சு. இப்பவே ஊசியில மருந்து ஏத்தணும். அதுக்கும் அடங்கலைன்னா வெட்டத்தான் வேணும்."

வெள்ளையம்மா காப்புக் கட்டிய கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "நாளான்னைக்குத் தீமிதி. அதுவரைக்கும் மருந்து வேணாங்க."

அழகமுத்து அந்தக் காப்புக் கயிற்றையே பார்த்தான். போதும் என்று சொல்ல அவள் குடலுக்குள்ளே மட்டுமா ஆளில்லை? வீட்டிலும் இல்லையே! குனிந்து அவள் கையைப் பிடித்து, மஞ்சள் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான்.

"ஐயோ, சாமி குத்தமாயிருங்க!"

"நேந்துக்கிட்டது என் வாயி." அழுதுகொண்டே கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றினான். "மிதிக்கிறதுக்கு மட்டும் ஒன் காலா?"