ஈரத்துணி

சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தன் வீட்டுக்கு லீவில் போய்த் திரும்பியதும், பெட்டியைப் பிரித்த தனபாக்கியத்தின் கையில் கணவர் இசக்கிமுத்து வாங்கிவந்த சுருட்டுகள் நமுத்துப்போய்த் தட்டுப்பட்டன. பூசணம் பிடித்துவிடுமே என்று குவார்ட்டர்ஸ் வாசலில் வடகத்தோடு சேர்த்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தாள்.

ஷிப்ட் முடிந்து வந்த இசக்கிமுத்து ஒன்றை எடுத்து அழுத்தினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"அறிவிருக்கா உனக்கு? இது காயவே கூடாதுன்னு கடைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். அங்க இருந்த நாளெல்லாம் ஈரத்துணி சுத்தி, காயக் காய நனைச்சுப் போட்டுப் பாத்துக்கிட்டேன்."

பிளாக் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். தனபாக்கியத்துக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அங்கே அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதுதான் இவர் கடை கடையாக ஏறி இறங்கி இந்தச் சுருட்டுகளை வாங்கிவந்தார்.

"நீங்க துணி நனைச்சதை நானும் பாத்துக்கிட்டுதான் கிடந்தேன்," என்றாள், குரலை உயர்த்தாமல். "பக்கத்துலயே அனலா கொதிச்சுக்கிட்டுக் கிடந்தேனே, அந்தத் துணியை ஒரு தடவையாவது என் நெத்தியில போட்டீங்களா?"