மேட்டுப் பக்கம் ஏற்றச் சொன்ன ஆறு பெட்டிகள்

வங்காளத் துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஹம்சினி ஆட்டோவை விட்டு இறங்கி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கப்பல் நிற்கும் பெர்த்துக்கு நடந்தாள். சரக்கு ஏற்றும் தனியார் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. எந்தப் பெட்டி கப்பலில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பாள். ஜாதவ்பூரில் பொறியியல் படித்தவள். இந்த வேலையில் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

அன்றைய கப்பலில் பெட்டிகள் அநேகமாக ஏறி முடிந்திருந்தன. ஆற்றில் நீர் ஏறும் பிற்பகல் நேரத்துக்குள் அது துறைமுகத்தையும் ஆற்றையும் பிரிக்கும் கதவைத் தாண்டியாக வேண்டும்.

அவளைப் பார்த்ததும் கிரேன் ஓட்டும் முகமது இஸ்மாயில் கீழே இறங்கி வந்தார். காகிதத்தில் பதினாலு டன் என்று போட்டிருக்கும் பெட்டிகள் தூக்கும்போது இருபதுக்கு மேல் காட்டுவதாக ஹிந்தியில் சொன்னார். மேல் அடுக்கில் வைத்தவற்றில் பாதி அப்படித்தானாம். இன்னொன்றும் சொன்னார். நேற்று மாலை வேலை முடித்தபோது கப்பல் கரைப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. இன்று காலை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. நடுவில் ஒரு பெட்டிகூட ஏறவில்லை.

ஹம்சினிக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு பக்கம் பாரம் கூடிப்போன கப்பல் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும், பக்கம் மாறாது. நல்ல நிலையில் உள்ள கப்பல் சற்றுச் சாய்ந்தால், தாழ்ந்த பக்கம் அதிகமாகத் தண்ணீரில் அமிழும். அந்தத் தண்ணீரே மேல்நோக்கித் தள்ளி நிமிர்த்திவிடும். பாரம் அடியில் இருக்கும்வரைதான் இது நடக்கும். மேலே பாரம் ஏற ஏற அந்த நிமிர்த்தும் பலம் குறைந்து, கடைசியில் கப்பலால் நேராக நிற்கவே முடியாமல் போகும். ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும். அடித்தொட்டிகளில் தண்ணீர் அரைகுறையாக இருந்தால் அதுவும் சாய்ந்த பக்கமே ஓடிச் சேரும். அப்போது மேல் பெட்டிகளை இறக்க வேண்டும், தொட்டிகளை நிரப்ப வேண்டும். உயர்ந்த பக்கத்தில் பாரம் வைத்துச் சரிசெய்ய மட்டும் பார்க்கவே கூடாது. வைத்தால் கப்பல் நிமிரும். ஆனால் அங்கே நிற்காமல் வந்த வேகத்தில் மறுபக்கம் போய் விழும்.

மேலாளர் அனந்தகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் அப்பாவின் நண்பர், டாக்குரியாவில் பக்கத்துத் தெருக்காரர். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வீட்டில் மாமா, அலுவலகத்தில் சார்.

அவர் ஜன்னல் வழியாகக் கப்பலை ஒருமுறை பார்த்தார். "நாலு டிகிரிதானேம்மா. மீதி ஆறு பெட்டி இருக்கு, எல்லாத்தையும் கரைப் பக்கம் வை. நேரா நின்னுடும்."

"சார், அது பாரம் ஒரு பக்கம் ஜாஸ்தியானதால சாயலே..."

"கேப்டனே ஒத்துண்டாச்சு. ரெண்டு மணிக்குள்ள கதவைத் தாண்டணும். நீ ஷீட்டைப் போடு."

அவளுக்கு இன்னும் இரண்டு வாக்கியங்கள் பாக்கி இருந்தன. சொல்லவில்லை. பெரியவர், இத்தனை வருஷம் இதே தொழிலில் இருப்பவர், எதிர்த்துப் பேசினால் அப்பா காதுக்குப் போகும் என்றெல்லாம் மனம் ஓடியது. காகிதத்தில் இருந்த பதினாலு டன்னையே கணினியில் அடித்தாள். எல்லாம் சரி என்று திரை பச்சை காட்டியது. கையெழுத்துப் போட்டாள்.

நான்காவது பெட்டி வைத்தபோது கப்பல் மெல்ல நிமிர்ந்தது. பெர்த்தில் யாரோ கை தட்டினார்கள். நிமிர்ந்த கப்பல் நிற்கவில்லை. அதே நிதானத்தோடு கரைப் பக்கம் சாய்ந்து, பிறகு வேகம் பிடித்தது. கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. மேல் அடுக்குப் பெட்டிகள் சரிந்து கொட்டின; கப்பல் கரைச் சுவரில் மோதிப் படுத்துவிட்டது. மேல்தளத்தில் பெட்டிகளை இரும்புக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்த சைதன்யா என்ற தொழிலாளி சரிந்த பெட்டிகளுக்கு அடியில் போய்விட்டார். நாற்பத்தெட்டு வயது. உடலை எடுக்க மறுநாள் ஆயிற்று.

ஹம்சினி அழவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தாள், குக்கர் வைத்தாள். கணவன் ஷ்யாம் என்ன கேட்டாலும் ம் என்றாள். அடுத்த நாட்களும் அப்படியே போயின. பக்கத்து வீட்டு தேவிப்ரியா சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தபோது, வாங்கி வைத்துவிட்டு நன்றி சொல்ல மறந்தாள். கை கால்கள் வேலை செய்தன. உள்ளே ஒன்றும் நகரவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் அனந்தகிருஷ்ணன் வந்தார். காபி குடித்துக்கொண்டே, தொட்டிகளை நிரப்பாதது கப்பல்காரர்கள் தப்பு, எடையைப் பொய்யாக எழுதியது சரக்கு அனுப்பியவர்கள் தப்பு, காகிதத்தில் இருந்ததைப் பார்த்தோம் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதையும் ஹம்சினி கவனித்தாள்.

மறுநாள் விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. கடைசி வரிசையில் சைதன்யாவின் மனைவி உட்கார்ந்திருந்தாள். யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹம்சினியின் முறை வந்தது. அந்தப் பெண்ணுக்கும் புரியும்படி வங்காள மொழியில் பேச அனுமதி கேட்டாள், கொடுத்தார்கள். இஸ்மாயில் சொன்னது, தனக்குப் புரிந்தது, மேலாளர் சொன்னது, தான் பொய் எடையை அடித்துக் கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எப்போது தெரியும் என்று கேட்டார்கள். கப்பல் விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெரியும் என்றாள். பின்னால் அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே படியில் அனந்தகிருஷ்ணன் அவளை மறித்தார். முகம் வெளிறியிருந்தது. "உனக்கும் வேலை போச்சு, எனக்கும் போச்சு. போனவன் திரும்பி வரப்போறானா?"

"வரமாட்டார் மாமா," என்றாள் ஹம்சினி. குரலில் கோபம் இல்லை, ஆறுதலும் இல்லை. "அன்னிக்கு நீங்க சொன்னதும் நான் வாயை மூடிண்டேன். அதை உங்களுக்குக் குடுத்த மரியாதைன்னு நினைச்சேன். அது மரியாதை இல்லே, பயம். ஆபத்துன்னு தெரிஞ்சவா, எதிர்ல நிக்கறது யாரா இருந்தாலும், ரெண்டாவது தடவையும் சொல்லணும். கேக்கலேன்னா கையெழுத்துப் போடக் கூடாது. நான் போட்டேன். அதனாலதான் அவர் போனார்."