முதுகு காட்டும் போராட்டம்

அந்த வருஷம் ஊர் ரக்பி அணி மண்ணைக் கவ்விய அழகைச் சொல்லி மாளாது. பெண்கள் அணிதான். ஆண்கள் அணி என்று ஒன்றும் இருந்தது. அது தனக்குள்ளேயே சண்டை போட்டுக் கலைந்துபோய், ஊருக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். ரக்பியில் ஒரு விதி உண்டு. பந்தைக் கையால் கொடுத்தால் பின்பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும், ஆள் முன்னால் ஓட வேண்டும். நம் அணி இந்த விதியில் பாதியை மட்டும் படித்துவிட்டுக் களத்தில் இறங்கியிருந்தது. பந்தும் பின்னால் போனது, ஆட்களும் பின்னால் போனார்கள்.

இதில் ஊரிலேயே அதிகம் வயிறெரிந்தவர் பிரேக்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதித்து மிதித்தே வந்த பெயர். வண்டிக்குத்தான் பிரேக், சனிக்கிழமை மைதானத்துக்கு வந்துவிட்டால் அவர் வாய்க்கு அப்படி எதுவும் கிடையாது. கிழக்குப் பக்கத்து சிமெண்ட் படிக்கட்டில் நின்று அவர் கத்துவது எதிர் அணிப் பெண்களுக்குக்கூடப் பழகிப்போயிருந்தது.

கத்தாமல் என்ன செய்வார்? கிளப்பின் தலைவர் சோபாக் கடை முதலாளி. பயிற்சியாளர் தலைவருடைய மச்சினன். கேப்டன் தலைவருடைய மருமகள். பந்து பொறுக்கிப் போடுகிற ஆள் மட்டும்தான் வெளி ஆள், அவரும் சோபாக் கடையில் வேலை பார்த்தவர். மருமகள் கையில் பந்து போனால் போனதுதான், பக்கத்தில் ஆள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. மூன்று பேர் சேர்ந்து அமுக்கிப் போட்ட பிறகு, கீழே கிடந்தபடியே நடுவரோடு வாக்குவாதம் செய்வாள். தோற்ற பிறகு மச்சினன் வெயில், காற்று, புல் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்றின் மேல் பழியைப் போடுவார். கடைசியில் தலைவர் மைக்கைப் பிடித்து, "இது அஸ்திவாரம் போடுற வருஷம்" என்பார்.

"மூணு வருஷமா அஸ்திவாரமே போடுறீங்களே, எந்த மாளிகைக்குய்யா?" என்று பிரேக்காரர் படிக்கட்டிலிருந்து கத்துவார். படிக்கட்டு சிரிக்கும். தலைவரும் சிரித்துக் கையசைப்பார். தோல் அப்படி.

ஆனால் அவருடைய எரிச்சலுக்கு இது மட்டும் காரணமில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரிகளில் கடைசியாக ஒருத்தி இருந்தாளே, அவள் பிரேக்காரரின் ஒரே மகள். வீட்டில் பாப்பா. பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரி. ஓடினால் பிடிக்க ஆளில்லை என்று பயிற்சியில் பார்த்த எல்லாரும் சொல்வார்கள். அணியில் ஒவ்வொருத்தியும் வாயில் கடித்துக்கொண்டு ஆடும் பற்காப்பு அவள் கையால் அச்செடுத்துச் செய்தது. அவளுடைய பற்காப்பு மட்டும் வருஷம் முழுக்க டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. ஒரு ஆட்டத்தில்கூட அவளை இறக்கவில்லை.

இப்போது அவளுக்கு வேறு ஊரில், பெரிய கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. கடைசி ஆட்டம் சனிக்கிழமை. திங்கட்கிழமை கிளம்புகிறாள். இந்தச் சனிக்கிழமை விட்டால் அப்பா கண்ணால் மகள் ஆட்டத்தைப் பார்ப்பது என்பது இல்லவே இல்லை.

"சும்மா விடமாட்டேன்" என்றார் பிரேக்காரர்.

புதன்கிழமை சாயங்காலம் அவருடைய பயிற்சிப் பள்ளியிலேயே கூட்டம் போட்டார்கள். சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள். 'நுழையாதே' படத்துக்குக் கீழே நின்று பிரேக்காரர் பேசினார். "கத்திப் பார்த்தாச்சு. அவங்களுக்கு அது தாலாட்டு மாதிரி ஆயிடுச்சு. இனி சத்தமே கூடாது. இடைவேளை முடிஞ்சு ஆட்டம் தொடங்கினதும் படிக்கட்டு மொத்தமும் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிக்கணும். விசில் ஊதி முடியுற வரைக்கும் ஒருத்தரும் திரும்பக் கூடாது."

மருந்துக் கடைக்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார். "அண்ணே, முதுகு காட்டுறது தோத்து ஓடுறவன் பண்ற வேலையில்ல?"

"யோவ், நீ மாத்திரையை மட்டும் எண்ணு. திரும்பினவன் துரோகி. அவன் இந்த ஊர்ல நம்ம யார் முகத்துலயும் முழிக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். பிரேக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு கிளப்பையே நடத்தத் தெரியாத கூட்டத்துக்கு நடுவே, ஒரு படிக்கட்டையே தன்னால் நடத்த முடிகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோது மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒருவேளை என்னை இறக்கிட்டா?"

"அந்த மச்சினனா? உன்னையா? சூரியன் மேற்கே உதிச்சாலும் அது நடக்காது. நீ உட்கார்ந்த பெஞ்சு தேஞ்சதுதான் மிச்சம். உனக்காகத்தான் இவ்வளவும் பண்றேன், புரியுதா?"

"எனக்காகன்னா பேசாம உட்கார்ந்து பாருப்பா. நான் அதைத்தானே கேக்கிறேன்."

"சின்னப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் புரியாது."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் திரும்ப மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். நான் என் புள்ளையப் பார்க்க வரேன், உங்க கோபத்தைப் பார்க்க வரல."

சனிக்கிழமை முதல் பாதியில் வழக்கம்போலக் கோட்டை விட்டார்கள். இடைவேளை முடிந்ததும் பிரேக்காரர் எல்லாரும் தன்னைப் பார்க்கட்டும் என்று படிக்கட்டின் உச்சிப் படிக்கு ஏறினார். அவர் கையை உயர்த்த, மொத்தக் கூட்டமும் எழுந்து, ஒரே வீச்சில் திரும்பி நின்றது. அடடா, என்ன கட்டுப்பாடு! எதிர்ப்பக்கத்துக் கூட்டம் வாயைப் பிளந்தது.

ஒரே ஒரு சங்கடம். அதை எவரும் யோசித்திருக்கவில்லை. படிக்கட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரு நீளச் சுவர். அந்தச் சுவர் முழுக்கத் தலைவரின் சோபாக் கடை விளம்பரம். சிவப்பு சோபாவில் கால்மேல் கால் போட்டுத் தலைவர் உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். 'நிம்மதியாக உட்காருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. தலைவரைக் கண்டிக்கத் திரும்பியவர்கள் எல்லாரும் தலைவரையே கண்கொட்டாமல் பார்த்தபடி நின்றார்கள். உச்சிப் படியில் நின்ற பிரேக்காரருக்கு அந்தச் சிரிப்பு முகத்துக்கு முகம்.

பக்கத்தில் நின்ற மருந்துக் கடைக்காரர் விசில் சத்தம் கேட்டதும் லேசாகக் கழுத்தைத் திருப்பினார். அவ்வளவுதான், பிரேக்காரர் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, கொஞ்ச நேரம் முதுகை நிமித்தி நிக்க முடியல உனக்கு? உன்னை மாதிரி ஆளுங்களாலதான்யா ஊரு இப்படிக் கிடக்கு! வெக்கமா இல்ல? போ, கீழ போய் நில்லு, என் பக்கத்துல நிக்காத!"

எல்லார் காதிலும் விழும்படிதான் கத்தினார். மருந்துக் கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீழ்ப்படிக்கு இறங்கிப் போய்விட்டார். இப்போது உச்சிப் படியில் சுவரைப் பார்த்தபடி பிரேக்காரர். அவர் பக்கத்தில் மைதானத்தைப் பார்த்தபடி, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மனைவி.

"ஏங்க, கேப்டன் நம்ம பக்கம் கையைக் காட்டிக் காட்டிக் கத்துறா" என்றாள் மனைவி.

"கத்தட்டும். உறைக்குது பாரு!"

"அவ அழுறா."

"அழட்டும்!"

"என்னமோ தலைவலிங்கிறா போலிருக்கு, தலையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே போறா. மச்சினன் கெஞ்சுறாரு. அவ கேக்கல. உள்ளே போய்ட்டா."

பிரேக்காரருக்கு ஜிவ்வென்று ஏறியது. ஜெயித்துவிட்டோம்! மூன்று வருஷக் கத்தலில் நடக்காதது ஒரு முதுகில் நடந்துவிட்டது. சுவரிலிருந்த தலைவரைப் பார்த்து, எப்படி என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

"ஏங்க." மனைவியின் குரல் மாறியிருந்தது. "ஏங்க, பாப்பா எழுந்திரிக்கிறா."

"என்னது?"

"வேற ஆளில்லை போலிருக்கு. பாப்பாவைத்தான் இறக்குறாங்க. டப்பாவைத் திறக்கிறா. ஐயோ, புள்ள இறங்கிட்டா! திரும்புங்க!"

பிரேக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. திரும்பத்தான் நினைத்தார், சத்தியமாக நினைத்தார். ஆனால் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர். இப்போதுதான் மருந்துக் கடைக்காரரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு விரட்டியிருக்கிறார். இவரே திரும்பினால்?

"எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்கடி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பார்த்தா பார்க்கட்டும். உங்களுக்குப் புள்ள பெருசா, அவங்க பெருசா?"

"நான் திரும்பினா நாளைக்கு வெளியில தலைகாட்ட முடியுமா? பந்து அவ கைக்கு வரட்டும். வந்தா சொல்லு."

அவள் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக்காரர் சோபாவின் கால்களைப் பார்த்தார். நான்கு கால்கள், மரக்கால்கள். தலைவரின் பல்வரிசையைப் பார்த்தார். மகள் வேலை பார்க்கும் கூடத்தில் செய்ததுதான் என்று ஊரில் பேச்சு. பின்னால் ஏதோ சலசலப்பு கேட்டது. காலடிச் சத்தம் கேட்டது. கட்டுப்பாடு குலைகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். திரும்பாமலேயே "யாரும் திரும்பக் கூடாது!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

"வந்துருச்சு!" என்று மனைவி வீறிட்டாள்.

எழுந்து நின்றுவிட்டாள். கைப்பை மடியிலிருந்து விழுந்து படிகளில் உருண்டது. "என்னடி, என்ன ஆச்சு, சொல்லேன்!" என்று பிரேக்காரர் சுவரைப் பார்த்துக் கெஞ்சினார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போது மைதானமே இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. விசில், கூச்சல், கைத்தட்டல் எல்லாம் அவர் முதுகில் வந்து மோதின.

பிரேக்காரரால் அதற்கு மேல் முடியவில்லை. போகிறது மானம் என்று திரும்பிவிட்டார்.

படிக்கட்டு முழுக்கப் பின்மண்டைகள். மருந்துக் கடைக்காரரின் பின்மண்டை, ரொட்டிக் கடை அக்காவின் பின்மண்டை, கை தூக்கிச் சம்மதம் சொன்ன அத்தனை பேரின் பின்மண்டைகளும். எல்லாரும் எப்போதோ மைதானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். அந்த மருமகள் அழுதுகொண்டு வெளியே போனபோதே பாதிப் பேர், பாப்பா இறங்கியபோது மீதிப் பேர். இப்போது கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில், எதிர் அணியின் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஏழெட்டுப் பெண்கள் ஒரு குவியலாகக் கிடந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் எங்கேயோ பாப்பா இருந்தாள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அதற்கு ட்ரை என்று பெயர், அந்த வருஷம் முழுக்க அணி வைத்த ஒரே ட்ரை அதுதான்.

"அண்ணே, பார்த்தீங்களா!" மருந்துக் கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். மனுஷனுக்கு மனதில் ஒன்றுமில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். "ஓரத்துலயே வந்து, நாலு பேருக்கு டிமிக்கி கொடுத்துட்டு... அப்பப்பா!" கைபேசியில் எடுத்ததைக் காட்டினார். அதில் அவர் கை ஆடிய ஆட்டத்தில் வானமும் புல்லும் மாறி மாறி வந்தன. நடுவில் எறும்பு மாதிரி ஏதோ ஒன்று ஓடியது.

ஆட்டம் என்னவோ தோல்விதான். அதனால் என்ன, தலைவர் மைக்கைப் பிடித்தார். "இந்த ட்ரை திடீர்னு வந்ததில்லை. மூணு வருஷமா நாங்க போட்ட அஸ்திவாரம்! இந்தப் பொண்ணை இந்த நேரத்துக்குன்னே பத்திரமா வெச்சிருந்தோம்!" படிக்கட்டு கைதட்டியது. பிரேக்காரரைத் தவிர எல்லாரும் தட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும்போது மகள்தான் காரை ஓட்டினாள். முழங்காலில் சிராய்ப்பு, தலையெல்லாம் புல். பின் சீட்டில் அம்மா அவள் தோளைத் தடவித் தடவி ஓயவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பிரேக்காரர் தொண்டையை இரண்டு தடவை செருமிக்கொண்டார்.

"பாப்பா, என்ன ஓட்டம்! அடேயப்பா! அப்படியே கண்ணுக்குள்ளயே நிக்குது."

அவள் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். "எந்த ஓரமா ஓடினேம்பா?"

பிரேக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"விடுப்பா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "கோட்டைத் தாண்டினதும், எல்லாரும் என் மேல வந்து விழுறதுக்கு முன்னாடி, உன்னைத்தான் தேடினேன். கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்ல. படிக்கட்டு முழுக்க முகமா இருந்துச்சு, உச்சியில ஒரே ஒரு முதுகு."