அரசாங்க அடுப்பு

கிராம சேவகர் மோகனன் கூரை ஓலையை வெட்டி மண்குழாயை மேலே நீட்டியபோதே சுகிர்தபாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. அரசாங்கம் சும்மா எதையும் தராது. தருகிறதென்றால் முன்பே எதையோ எடுத்திருக்கும், அல்லது எடுக்கப் போகிறது. கொல்லயில் ஊரில் இத்தனை குடிசைகள் இருக்க, புகையில்லா அடுப்புக்கு இந்தக் குடிசை ஏன்? கேட்டே விட்டாள். ஊரிலேயே ரொம்பப் பாவப்பட்ட வீடு இதுதான் என்றார் அவர். ஏழ்மைக்குப் போட்டி வைத்தால் அந்த ஊரில் எல்லோருக்கும் முதல் பரிசு கொடுக்க வேண்டியிருக்கும். மற்ற வீடுகளில் இல்லாத ஒன்று அவள் வீட்டில் உண்டென்றால், அது போலீஸ் தேடும் புருஷன்.

ராஜையா தேடப்படும் அளவுக்குப் பெரிய ஆள் அல்ல. மலையாள ராஜ்யத்தில் இருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போன ஊர்வலத்தில், கொடி பிடித்தவனுக்கு அவசரமாக ஒதுங்க வேண்டி வந்தது. பக்கத்தில் நின்ற ராஜையாவிடம் கொடியைக் கொடுத்துவிட்டு வாழைத்தோட்டத்துக்குள் போனான். அந்த நேரம் பார்த்துத் தடியடி. போனவன் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டான். கொடியோடு நின்றவன்தான் தலைவன் என்று போலீஸ் முடிவு செய்தது. இப்போது தலைவர் வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒளிந்திருந்தார். ராத்திரிகளில் வீட்டைச் சோதனை போடுகிறார்கள் என்பதால், பசி பொறுக்காத நாட்களில் பட்டப்பகலில் மரச்சீனிக் கிழங்கு நட்ட விளைக்குள் குனிந்து குனிந்து வருவார். பிடிபட்டால் என்ன ஆகும் என்பது சுகிர்தபாய்க்குத் தெரியும். அதே ஊர்வலத்தில் பிடிபட்டு உள்ளே போய்வந்த யோசுவா இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான்.

மோகனன் இதெல்லாம் தெரியாதவர்போல அடுப்புக்கு மண் பூசினார். கொல்லத்துக்காரர், தமிழைப் பாதி மலையாளத்தில் பேசுவார். பூசிக்கொண்டே நாடு முன்னேறும் வழியைச் சொன்னார். விறகு மிச்சமாகும். விறகு மிச்சமானால் நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில் நூல் நூற்கலாம், நூற்றால் வருமானம், வருமானத்தில் சேமிப்பு, சேமிப்பில் நாடு வளரும். "புகை போனால் தரித்திரம் போகும் சேச்சி" என்றார். கணக்கு அவ்வளவு அழகாக இருந்ததால் சுகிர்தபாயின் சந்தேகம் இன்னும் கூடியது. வேண்டாமென்று சொல்லலாம். ஆனால் இனாமாக வருவதை ஒருத்தி வேண்டாம் என்றால் அவள் வீட்டில் என்னவோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வாங்கிக்கொண்டாள்.

மழைக்காலம் முழுக்க அவளுடைய பிழைப்பு புகையில்தான் இருந்தது. அடுப்புக்கு மேலே பரணில் குடம்புளியைப் பரப்பி, கீழே தேங்காய் உரித்த மட்டையை, கதம்பலை, மெதுவாகக் கனியவிட்டால், புளி கறுத்துச் சுருண்டு பூவார்ச் சந்தைக்குத் தயாராகிவிடும். நாள் முழுக்கக் கூரையின் எல்லா இடுக்குகளிலும் புகை கசிந்துகொண்டே இருக்கும். அந்தப் புகையைப் பார்த்து உள்ளே சமையல் நடக்கிறதா, எத்தனை பேருக்கு நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது புகை மொத்தமும் குழாய் வழியே போனது. வறுமை ஒழிப்பின் முதல் வாரத்திலேயே புளியில் பூசணம் பிடித்தது. வெளியே, ஓலைக்கு மேலே, தென்னைக்குப் பாதி உயரத்துக்குப் புகை கம்பம்போல நின்றது.

பக்கத்து விளையில் இருந்த சரோஜம், ராஜையாவின் சித்தப்பா மகள், வேலியோரம் வந்து அதை அண்ணாந்து பார்த்தாள்.

"மைனி, ஒங்க வீட்டுப் புகை இப்பம் நல்லா நேரா நிக்குது கேட்டியளா. ரோட்டுல நிக்கிய போலீஸ் ஏட்டுக்கு, நீங்க ஒரு ஆளுக்குக் கெழங்கு அவிக்கியளா, ரெண்டு ஆளுக்கு அவிக்கியளான்னு எண்ணிச் சொல்லிரலாமாக்கும்."

அதற்குப் பிறகு சரோஜம் பேசவில்லை. அவள் மட்டுமல்ல, அந்தப் பக்கத்துப் பெண்கள் யாருமே பேசவில்லை. அரசாங்கத்து அடுப்பை வாங்கியவள் புருஷனையும் கொடுத்துவிடுவாள் என்று ஊரில் பேச்சு. சுகிர்தபாயும் அவர்களைச் சந்தேகப்பட்டாள். மோகனனை இந்த வீட்டுக்கு வழிகாட்டி அனுப்பியது இவர்களில் யாரோ ஒருத்திதானே?

ஒரு வியாழக்கிழமை உச்சி நேரத்தில் பின்வாசல் தட்டியை விலக்கிக்கொண்டு ராஜையா வந்தார். தாடி முளைத்திருந்தது, முகத்தில் தலைவர் களை எதுவும் இல்லை.

"ஏட்டி, தின்ன என்னவாவது உண்டா?"

காலையில் ஒருமுறை அடுப்பு எரிந்தாயிற்று. இரண்டாவது புகை எழுந்தால் ரோட்டில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். சுகிர்தபாய் ஒரு கதம்பலைத் தண்ணீரில் முக்கி, குழாய் வாயில் திணித்து அடைத்தாள். கிழங்கு பாதி வேகும்போது வீடு முழுக்கப் புகை. எதிரே குந்தியிருந்த புருஷனின் முகம் தெரியவில்லை. துண்டை வாயில் திணித்துக்கொண்டு அவர் இருமலை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது முற்றத்தில் ஜீப் வந்து நின்றது.

மோகனன் திருவனந்தபுரத்திலிருந்து பெரிய ஆபீசரைக் கூட்டி வந்திருந்தார். கலகப் பகுதி என்பதால் துணைக்கு ஓர் ஏட்டு. ராஜையா பரணில் ஏறிப் புளிக்கு நடுவே படுத்தார். சுகிர்தபாய் வாசலை அடைத்து நின்றாள். ஆபீசர் குழாயை அண்ணாந்து பார்த்தார். அடுப்பு எரிகிறது, ஆனால் குழாயில் ஒரு நூல் புகைகூட இல்லை. புகையில்லா அடுப்பு இவ்வளவு சரியாகப் புகையில்லாமல் எரிவதை அவர் எங்கும் கண்டதில்லை. மோகனனின் தோளைத் தட்டினார். மோகனன் கண்டிருந்தார், குழாயை அடைத்துவிட்ட வீடுகளில்; அவர் முகம் வெளுத்தது.

ஆபீசர் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். அவளை விலக்கிக்கொண்டு மூவரும் உள்ளே போனார்கள். போன வேகத்தில் மூவருக்கும் இருமல் பிடித்தது. நாலாவதாக ஓர் இருமல் மேலேயிருந்து வந்தது. அந்தப் புகையில் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மூவரும் முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். சுகிர்தபாயும் பின்னாலேயே வந்து, வாசலுக்கு முன்னால் மறுபடி நின்றாள்.

"புளி ஒணங்காண்டாமா சாரே? அதுக்காக்கும் கொழாய அடச்சேன்" என்றாள்.

ஆபீசர் மோகனனைப் பார்த்தார். மோகனன் தரையைப் பார்த்தார். ஏட்டு இருவரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்தார். எல்லோரும் இருமி ஓய்ந்திருந்தார்கள். வீடு மட்டும் ஓயவில்லை.

"உள்ளே யாரு?" என்றார் ஏட்டு.

சுகிர்தபாய் முந்தானையை வாயில் வைத்து இருமினாள். நெஞ்சு நோக நோக, ஓர் ஆணுக்கும் சேர்த்து இருமினாள். ஆனால் மூச்சு வாங்குவதற்கு ஒருமுறை நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் பரணிலிருந்து ஓர் இருமல், தெளிவாக, வெளியே வந்து விழுந்தது. ஏட்டு இடுப்பு வாரை ஏற்றிக்கொண்டு ஒரு காலை வாசற்படியில் வைத்தார்.

வேலிக்கு அப்பால் சரோஜம் இருமினாள். ஏட்டு திரும்பினார். அவளுக்கும் அப்பால் இன்னொரு விளையில் யாரோ இருமினார்கள். பிறகு கிணற்றடியில் குடம் வைத்திருந்த இரண்டு பேர். பிறகு பள்ளத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, நெஞ்சில் கைவைத்து இருமத் தொடங்கினார்கள்; பரணிலிருந்து வந்தது அதற்குள் கலந்துபோனது. படியில் வைத்த காலை எடுக்காமல் ஏட்டு அந்தப் பக்கம் பார்த்தார். வயலுக்கு மேலே, மழை கழுவிவிட்ட வானத்தில், ஒரு பொட்டுப் புகைகூட இல்லை.