கண்ணாடி எடுத்துக் கொடுத்தவன்

ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது நடுவர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். பெஞ்ச் பகுதியின் ஓரக்கோடு அரை மீட்டர் வெளியே தள்ளி ஒட்டப்பட்டிருந்தது. அரங்கக் காவலாளி பல வருடங்களாக அப்படித்தான் ஒட்டிவந்தார். யாரும் கேட்டதில்லை. நடுவர் கேட்டார். பழைய பட்டையை உரித்து, சரியான இடத்தில் புதிதாக ஒட்டவைத்தார். பழையது இருந்த இடத்தில் பசை மங்கலான கோடாக மிஞ்சியது.

வாரநாட்களில் அவர் மின்மீட்டர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். அரை சதவீதம் பிசகினாலும் மீட்டர் திரும்பிப் போகும். ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து. இரண்டு வேலைக்கும் ஒரே முகம்.

அந்தப் பெஞ்சின் கடைசியில் அவருடைய மைத்துனன் உட்கார்ந்திருந்தான். ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக், வயது நாற்பத்தொன்று, ஜெர்சி நம்பர் பதினான்கு. சொந்தக்காரன் இருக்கும் அணிக்குத் தான் நடுவராக இருக்கலாமா என்று சீசன் தொடக்கத்திலேயே லீக்குக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். விளையாடாத ஆளால் ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது.

விளையாடத்தான் இல்லை. பதினொரு ஆட்டம் முடிந்தும் களத்தில் அவன் கால் படவில்லை. ஒரு சீசனில் ஒரு ஆட்டத்திலாவது இறங்காதவர் பெயரை அடுத்த வருடப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். ஒரு விநாடி இறங்கினால் போதும். இது கடைசி ஆட்டம். நாலாவது குவார்ட்டரில் இறக்கிவிடுவதாகக் கோச் வாக்குக் கொடுத்திருந்தார். அதைக் கேட்டு அவன் அக்கா, அதாவது நடுவரின் மனைவி, முதல்முறையாக ஆட்டம் பார்க்க வந்து மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது குவார்ட்டர் முடியும் நேரத்தில் பெஞ்சுக்கு அருகே இரண்டு நெட்டையர்களுக்குள் முழங்கை பட்டது. பிறகு கை சட்டைக்குப் போனது. நடுவர் நடுவில் புகுந்தார். யாருடைய தோளோ மோதி அவர் கண்ணாடி பறந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு வண்ணங்கள் மட்டும் தெரியும். வண்ணங்களைப் பார்த்து விசில் ஊதினார்.

இரண்டு பெஞ்சும் எழுந்து நின்றன. சண்டையின்போது பெஞ்சின் கோட்டை விட்டு வெளியே வந்தால் ஆட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கட்டைவிரலைக் கோட்டுக்கு உள்ளே வைத்துக்கொண்டு, விடாதே, மூக்கை உடை, அவன் பல்லை எண்ணு என்று கத்தினார்கள். ஒருவர் காலும் கோட்டைத் தாண்டவில்லை. வாயைப் பற்றி அந்த விதி ஒன்றும் சொல்வதில்லை.

கண்ணாடி வழுக்கிக்கொண்டு போய்ப் புதுக் கோட்டுக்கும் பழைய பசைக்கும் நடுவில் நின்றது. சண்டை அந்தப் பக்கம் நகர்ந்தது. பெரிய பெரிய ஷூக்கள். பதினான்காம் நம்பர் மைத்துனன் இரண்டு எட்டு வைத்துக் கண்ணாடியை எடுத்தான், ஜெர்சியில் துடைத்தான், நடுவர் கையைப் பிடித்து அதில் வைத்தான்.

"இந்தாங்க மாமா. ஒடையல."

நடுவர் போட்டுக்கொண்டார். முதலில் தெளிவாகத் தெரிந்தது மைத்துனனின் கால்கள். இரண்டும் வெளியே இருந்தன.

சண்டை போட்ட இருவரையும் அனுப்பிவிட்டு இரண்டாவது நடுவரிடம் போனார். அவள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. நடுவர் வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

"பதினாலு வெளிய வந்ததை நான் பார்க்கல சார்," என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

"நான் பார்த்தேன்."

"கண்ணாடி இல்லாமலா?"

"போட்டப்புறம்."

அவள் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். சண்டையின்போது வெளியே வருகிறவன் எதற்காக வந்தான் என்று விதி கேட்பதில்லை. விலக்கிவிடக் கோச் வரலாம், துணைக் கோச் வரலாம். அவர்கள் இருவரும் வரவில்லை.

நடுவர் மைத்துனனிடம் முதலில் நன்றி சொன்னார், வீட்டில் பேசும் குரலில். பிறகு ஸ்கோர் மேசைப் பக்கம் திரும்பி விரல்களால் ஒன்று, நான்கு என்று காட்டி, இரண்டு முஷ்டிகளையும் உயர்த்தினார். ஆட்டத்திலிருந்து நீக்கம்.

கோச் ஓடிவந்தார். அவன் எடுத்துக் கொடுத்தது உங்கள் கண்ணாடியைத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றார் நடுவர். எடுக்காவிட்டால் அவன் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்குமா என்றார். தெரிந்திருக்காது என்று ஒப்புக்கொண்டு, கோச் பேரில் ஒரு டெக்னிக்கல் ஃபவுலும் எழுதவைத்தார். அதற்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் எதிரணி தவறவிட்டது.

மைத்துனன் தரையைக் குனிந்து பார்த்தான்.

"பழைய கோடுன்னா நான் உள்ளதான் மாமா."

"பழைய கோடு தப்பு."

"சரி," என்றான். துண்டை நாலாக மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு உடைமாற்றும் அறைக்குப் போனான். மூன்றாவது வரிசையில் ஒரு கைப்பை எழுந்து அதே பக்கம் போனது.

மைத்துனனின் அணி பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. கடைசி ஐந்து நிமிடம் கோச் பெஞ்சில் இருந்த எல்லோரையும் இறக்கினார். முட்டியில் கட்டுப் போட்டிருந்தவர்கூட ஒரு ரவுண்ட் நொண்டிவிட்டு வந்தார்.

அடுத்த மூன்று நாள் வீட்டில் வேளாவேளைக்கு எல்லாம் மேசைக்கு வந்தன. பேச்சு மட்டும் வரவில்லை.

நாலாம் நாள் லீக்கிலிருந்து உறை வந்தது. அடுத்த வருட அணிப் பட்டியல். மூத்த நடுவர் என்ற முறையில் அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்தன. மைத்துனனின் அணியில் கடைசி வரி பதினான்கு போல இருந்தது.

எப்படி வந்திருக்கும் என்று யூகிக்க அவருக்கு நேரமாகவில்லை. ஸ்கோர் தாளில் பெயருக்கு எதிரே ஏதாவது ஒரு குறி இருந்தால் இறங்கினான் என்று கணக்கில் கொண்டிருப்பார் லீக் குமாஸ்தா. நீக்கியதற்கும் ஒரு குறி உண்டு. அதைப் போடச்சொன்னது அவர்தான்.

பதினான்காக இருந்தால் அடிக்க வேண்டும்.

"என் கண்ணாடி எங்க?"

மனைவி எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜின் மேல் பார்த்தாள். பிறகு துணியைப் பார்த்தாள்.

"நான் எடுத்துத் தர மாட்டேங்க. எடுத்துக் குடுத்தவன் கதி என்னன்னு பார்த்துட்டுத்தானே வந்தேன்."

நாலு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"இது பதினாலு மாதிரி தெரியுது," என்றார்.

"பதினொன்னா இருக்கும்," என்றாள், தாளைப் பார்க்காமலே.

ஃப்ரிட்ஜ் நாலு எட்டில் இருந்தது. புது நடுவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது, கண்ணால் பார்க்காததற்கு விசில் ஊதக் கூடாது என்பது. தாளை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழவில்லை. பேனாவைத் திறந்து, கோடு எங்கே என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, கையெழுத்துப் போட்டார்.

அவள் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

உறையை ஒட்டிய பிறகு போட்டுக்கொண்டார்.