கப்பு இங்கே, சாஸர் அங்கே

ஆறு கப்புகளையும் மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள் பெரியவள். அவற்றில் வரைந்திருந்த ரோஜாப்பூ என்னவோ பழைய பளபளப்போடுதான் இருந்தது. விளிம்பின் தங்கக் கோடும் அழியவில்லை. ஆனால் சாஸர் இல்லாத கப்புகள் பாதி வேஷத்தில் மேடையேறியவர்கள் மாதிரி நின்றன. சாஸர்கள் சுவருக்கு அந்தப் பக்கம், ஓரகத்தியின் அலமாரியில் இருந்தன.

மாமியார் காலத்துப் பீங்கான் செட் அது. அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரித்த அன்று, நியாயம் பேச வந்த பெரியப்பா அதையும் விடவில்லை. கப்பும் தட்டும் மூத்தவனுக்கு, சாஸரும் கிண்ணமும் இளையவனுக்கு. "எண்ணிக்கை சரியா இருக்கு, அப்புறம் என்னை யாரும் குறை சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கிளம்பிவிட்டார். நல்ல வேளை, கதவை ஒருத்தனுக்கும் தாழ்ப்பாளை இன்னொருத்தனுக்கும் கொடுக்காமல் விட்டாரே, அதுவரைக்கும் புண்ணியம். பிறகு வீட்டு நடுவில் சுவர் எழும்பியது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. புருஷன்மார் பேசாதபோது பெண்டாட்டிகள் மட்டும் எப்படிப் பேசுவது என்று இவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். நம்முடையதே அல்லாத ஒரு சண்டையை எட்டு வருஷமாகச் சுமக்கிறோமே என்று பெரியவளுக்கு அடிக்கடி ஆத்திரமாக வரும்.

இன்று மதியம் நாத்தனார் வீட்டுக்காரரோடு வருகிறாள். இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் போட்டு ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தாள். "இங்க ஒரு சாப்பாடு, அங்க ஒரு சாப்பாடுன்னு இனிமே என்னால முடியாது. எல்லாரும் ஒண்ணா உக்காந்தா சாப்பிடறேன். இல்லன்னா வந்த கார்லயே திரும்பிடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்." சொன்னால் செய்கிறவள் அவள்.

"சாஸர் இல்லாட்டி என்ன, டீ தொண்டையில இறங்காதா?" என்றார் பெரியவளின் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"இன்னிக்கு இறங்காது" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த சின்னவள் திகைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மேஜை தெரிந்தது. அதன்மேல் ஆறு சாஸர், ஆறு கிண்ணம், துடைத்துப் பளிச்சென்று.

"சாஸர் கேக்க வந்தேன்" என்றாள் பெரியவள்.

"நான் கப்பு கேக்க வர்றதா இருந்தேன்க்கா." சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா சாப்பாடு இங்கதான் நடக்கணும். செத்தாலும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டார்."

"எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். ஒரு வார்த்தை மாறல. அண்ணன் தம்பியாச்சே."

சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பெரியவள் விறுவிறுவென்று உள்ளே போய்ச் சாஸர்களை ஓரமாக அடுக்கினாள்.

"மேஜையோட அந்தக் கோடியைப் பிடி."

"எங்கக்கா?"

"முன்வாசலுக்கு. அதை மட்டும்தான் யாரும் பாகம் பிரிக்கல."

ஒரே கேட்டுக்குள் இருந்த அந்தத் திறந்த இடத்துக்கு இரண்டு வீட்டு மேஜைகளும் வந்து சேர்ந்தன. சின்னவளுடையது ஒரு விரற்கடை குட்டை. அட்டையை மடித்துக் காலுக்கு முட்டுக் கொடுத்து, இரண்டின்மேலும் ஒரே வெள்ளை விரிப்பை இழுத்துப் போட்டார்கள். சாஸர்மேல் கப்பை வைத்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் ஒரே நிறத்தில் இல்லை. சாஸர் ரோஜாக்கள் வெளிறியிருந்தன.

"வர்றவங்களுக்கெல்லாம் இதுலதான் பிஸ்கட்டு வைப்பேன்" என்றாள் சின்னவள், குற்றம் செய்தவள் போல.

"நல்லதுதான். நான் பூட்டி வச்சு என்னத்தைக் கண்டேன்?"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பெரியவளின் கணவர் வாசலுக்கு வந்து, "என்ன கூத்து இது? மானம் போகுது" என்றார். பக்கத்துக் கதவில் தம்பியின் தலையும் தெரிந்தது.

"எட்டு வருஷமா போகாத மானமா?" என்றாள் அவள். இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "நாலு நாற்காலி போட்டாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் வர்றவங்களுக்கும். உங்களோடதை நீங்கதான் தூக்கிட்டு வரணும்."

இரண்டு தலைகளும் உள்ளே போய்விட்டன. சின்னவள் கவலையோடு பார்த்தாள். பெரியவள் அதைக் கண்டுகொள்ளாமல் தட்டுகளைத் துடைத்து ஆறு இடத்திலும் வைத்தாள்.

கார் வந்து கேட்டருகே நின்றது. நாத்தனார் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தாள். மேஜையைப் பார்த்தாள். நாற்காலி இல்லாத இரண்டு இடங்களைப் பார்த்தாள். அப்படியே காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பரிமாறு" என்றாள் பெரியவள். "எல்லாத் தட்டுலயுமா?" என்று கேட்டாள் சின்னவள். "எல்லாத் தட்டுலயும்தான்."

சோற்றிலிருந்து ஆவி எழும்பியது. உள்ளே எங்கோ நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. இந்த வீடா அந்த வீடா என்று பெரியவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பிப் பார்க்காமல் அடுத்த தட்டுக்குக் கரண்டியைக் கொண்டுபோனாள். காருக்குள் இருந்த நாத்தனாரின் இன்னொரு கால் மெல்ல அசைந்தது.