மாமா பாட்டு

சூலக்கரை பெத்தணனுக்கு உலகத்தில் இரண்டே பொறுப்புகள்தான். ஒன்று அவனுடைய ரேடியோ செட்டு, இன்னொன்று அவன் தங்கை ராக்காயி. தாய் போய்ச் சேர்ந்தபோது ராக்காயிக்கு ஒன்பது வயது. அன்று முதல் அவளுக்குத் தலை பின்னிவிடுவது உட்பட எல்லாமே இவன்தான். பின்னல் ஒருநாளும் நேராக வந்ததில்லை. செட்டும் ஒருநாளும் கரகரக்காமல் பாடியதில்லை. ஆனாலும் அந்த வட்டாரத்தில் காதுகுத்தா, சடங்கா, கல்யாணமா, புளியமரத்தில் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடப் பெத்தணனைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அறுபத்து நாலாம் வருஷம் வைகாசியில் ராக்காயிக்கு வெம்பக்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை செல்லச்சாமி தங்கமான பையன். மானாவாரிக் காடு, இரண்டு சோடி மாடு, அதிர்ந்து பேசத் தெரியாத வாய். அந்த வீட்டுக்குத் தேவையான அதிர்ந்த பேச்சு முழுவதையும் அவன் தாய் இருளம்மாள் ஒருத்தியே பேசிவிடுவாள். அவளிடம் இன்னொரு விசேஷம், சகுனம். பூனை குறுக்கே போனதென்று, மிளகாய் மூட்டை ஏற்றிய வண்டியை விருதுநகர்ச் சந்தைக்கு விடாமல் பாதி வழியில் திருப்பிய மகராசி அவள். தாயில்லாத பெண்ணை எடுக்கிறோமே என்று அவள் முதலில் இழுத்ததும் பெத்தணன் காதுக்கு வந்துதான் இருந்தது.

தங்கை கல்யாணத்துக்கு ஊசிப்போன பழைய பாட்டையா போடுவது? பெத்தணன் மதுரைக்கே பஸ் ஏறினான். அப்போது எங்கே பார்த்தாலும் ‘காலேஜ் கோகிலம்’ பேச்சுத்தான். சுகுணபாலா என்று ஒரு பெண், பதினேழு வயது. ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தவளையே கதாநாயகியாகப் போட்டுப் படம் எடுத்திருந்தார்கள். காலேஜ், சைக்கிள், பிறந்தநாள் பார்ட்டி, கிதார் என்று ஒரே குதியாட்டம். அந்தப் படத்தின் எட்டுப் பாட்டுகளும் ஒரே பெரிய தட்டில் லாங் ப்ளே ரெக்கார்டாக வந்திருந்தன. உறையின் மேல் சுகுணபாலா ரெட்டைச் சடையில் ரிப்பன் கட்டிச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். பெத்தணன் அந்த உறையைப் பார்த்ததுமே விழுந்துவிட்டான்.

“ஸ்பீடைப் பாத்துக்கோங்க அண்ணாச்சி,” என்றார் கடைக்காரர். பஸ் கிளம்பப் போவதைத்தான் சொல்கிறார் என்று எண்ணிய பெத்தணன், தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவன் அதுவரை கண்டதெல்லாம் எழுபத்தெட்டு வேகத்தில் ஓடும் பழைய தட்டுகள்தான். அவனுடைய மெஷினும் கைமாறிக் கைமாறி வந்த சரக்கு. வேகத்தை மாற்றும் குமிழ் ஒன்று அதில் இருந்தது. சுற்றியிருந்த எண்கள் தேய்ந்து போயிருந்தன. குமிழ் அடிக்கடி நழுவித் தொல்லை கொடுத்ததால், சிவகாசியிலிருந்து கொண்டு வந்த, அணுகுண்டு வெடிக்குச் சுற்றும் சணலால் அதை இறுக்கிக் கட்டிவைத்திருந்தான். அவிழ்க்க ஒருநாளும் அவசியம் வந்ததில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வாசலில் தட்டு சுழன்றது. முதல் இரண்டு பாட்டுகள் சரவெடியாகப் பொரிந்து தீர்ந்தன. ஒரு வார்த்தை யாருக்கும் விளங்கவில்லை. “இங்கிலீஷ் மெட்டுலே, அப்படித்தேன் இருக்கும்,” என்று விவரமானவர்கள் தலையாட்டினார்கள். மூன்றாவது பாட்டு வந்தது. அது ஆட்டத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது! கீச்சென்ற சின்னக் குரலில் ஒரு பெண் “மாமா மாமா மாமா” என்று மூச்சு விடாமல் கூப்பிட்டாள். கல்யாண வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? மாமன் முறை உள்ளவர்கள் எல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். முறைப்பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாலாம் தடவை போட்டபோது இருளம்மாளே கொசுவத்தைச் செருகிக்கொண்டு பந்தல் நடுவில் வந்து ஆடினாள். வெம்பக்கோட்டையே வாயைப் பிளந்தது. அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தாலியும் ஏறியது.

“எம்மவன் கல்யாணப் பாட்டு,” என்று அதன் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள் இருளம்மாள். மருமகளையும் உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். பெத்தணனுக்கும் ஏகக் கிராக்கி. மாமா பாட்டு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலை பாக்கே கொடுத்தார்கள்.

ஐப்பசி கழிந்து, விருதுநகரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழாவுக்குச் செட்டுக் கட்டப் போனான். பிள்ளைகளுக்கு டான்ஸ் பழக்கிக்கொண்டிருந்த ஞானதீபம் டீச்சர், மாமா பாட்டைக் கால் நிமிஷம் கேட்டார். பிறகு மெஷினிடம் வந்து குனிந்து பார்த்தார்.

“பெத்தணன், இது முப்பத்து மூணுல ஓட வேண்டிய தட்டு. நீங்க எழுபத்தெட்டுல போட்டு அடிக்கிறீக. இங்கன என்ன சணலு?”

கத்தரிக்கோலை எடுத்துச் சணலை வெட்டினார், குமிழைத் திருகினார். தட்டு சோம்பலாகச் சுழன்றது. கீச்சுக்குரல் போய், நல்ல கனிந்த பெண்குரல் ஒன்று நிறுத்தி நிதானமாக அழுதது.

“எழுந்து வாம்மா… வாம்மா… வாம்மா…
விழிதிறந்து என்னைப் பாரம்மா…”

பெத்தணன் அங்கேயே மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

“டீச்சர், இது என்ன பாட்டு?”

“செத்துப்போன அம்மாவப் பாத்து மக அழுறது. இடைவேளைக்கு முன்னாடி வரும். நான் மதுரையில பாத்துட்டு விக்கி விக்கி அழுதேன். ஆமா, நீங்க இத எந்த வீட்டுலயும் போட்டுறலையே?”

“எங்கிட்டும் போடல டீச்சர்,” என்றான் பெத்தணன்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அவனுக்கு இதே யோசனைதான். பிணத்தின் தலைமாட்டில் பாடுகிற பாட்டைப் போட்டுத் தங்கைக்குத் தாலி கட்ட வைத்திருக்கிறான்! அதுவும் இருளம்மாள் வீட்டு வாசலில். தெரிந்தால் என்ன ஆகும்? கிணற்றில் தண்ணீர் இறங்கியது, மாடு நொண்டியது, பருத்தி காய் பிடிக்காதது, எல்லாவற்றுக்கும் ராக்காயிதான் காரணம் என்று ஆகிவிடும். அவள் அப்போது ஐந்து மாதம் வேறு. தாயில்லாத பெண் கோபித்துக்கொண்டு எங்கே போவாள்? முதுகொடிந்த ஒரு ரேடியோ செட்டும் அண்ணனும்தான் அவளுக்குப் பிறந்த வீடு. பெத்தணன் புதுச் சணல் வாங்கிக் குமிழை மறுபடியும் இறுக்கிக் கட்டினான்.

தை பிறந்ததும் ‘காலேஜ் கோகிலம்’ சிவகாசித் தியேட்டருக்கு வந்தது. “எங்க வீட்டுக் கல்யாணப் பாட்டப் படத்துல பாக்க வேணாமா?” என்று இருளம்மாள் மகன், மருமகள், சொந்தபந்தம் எல்லாரையும் திரட்டி இரண்டு வண்டி கட்டிவிட்டாள். பெத்தணனுக்கும் ஆள் வந்தது. அவன் அரக்கப் பரக்க வெம்பக்கோட்டைக்கு ஓடினான்.

“அத்தை, படம் சப்புன்னு இருக்காம்.”

“பாட்டப் பாக்கத்தானலே போறோம், படத்துக்கென்ன?”

“அந்தக் கொட்டாயில மூட்டைப்பூச்சி…”

“நம்ம வீட்டுல இல்லாததா?”

“சிவகாசியில அம்மை போட்டிருக்காம் அத்தை. ஆத்தா எறங்கியிருக்காளாம்.”

“அப்பச் சாமியும் கும்புட்டாப்ல ஆச்சு. ஏறு வண்டியில.”

மேட்னிக் காட்சி. மொத்தக் கூட்டத்துக்கும் நடுவில் பெத்தணனை உட்கார வைத்தார்கள். பாட்டு நிபுணர் அல்லவா! சுகுணபாலா சைக்கிள் ஓட்டினாள், பார்ட்டியில் பாடினாள், எல்லாரும் விசில் அடித்தார்கள். இடைவேளை நெருங்க நெருங்க அவன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் தாய் படுத்திருந்தாள். சுகுணபாலா அவள் காலடியில் விழுந்து, “எழுந்து வாம்மா” என்று தொடங்கினாள்.

ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

தெரியாதது மட்டுமா, இருளம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். “அய்யோ, பச்சப்பிள்ள தனியாப் போச்சே!” என்று அவள் மூக்கைச் சிந்திய சத்தம் நாலு வரிசைக்குக் கேட்டது. பெத்தணனுக்கு மூச்சு வந்தது. இடைவேளையில் முறுக்கு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தான். குலதெய்வங்கள் எல்லாம் தன் பக்கம் என்று எண்ணிக்கொண்டான்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் இருளம்மாள் எழுந்து நின்றாள்.

“எங்க பாட்டு எங்கலே?”

“என்ன பாட்டு அத்தை?”

“மாமா பாட்டு! எட்டுப் பாட்டும் பாத்துட்டேன், அது மட்டும் வரல. வெட்டிப்பிட்டான் ஆப்பரேட்டரு. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு பிலிம வெட்டிப்பிட்டான்!”

கூட்டம் மாடிப்படி ஏறி ஆப்பரேட்டர் அறைக்குப் போனது. ஆப்பரேட்டர் உக்கிரபாண்டி பெயருக்குச் சம்பந்தமில்லாத ஒல்லி மனிதர். “ஒரு அடி வெட்டலம்மா, சத்தியம்,” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதுவும் போதாதென்று, காட்சிக்கு முன்னால் வெளிக்குழாயில் போடுகிற அதே லாங் ப்ளே தட்டை எடுத்து, பாட்டுப் பாட்டாக ஊசியை வைத்துக் காட்டினார். எட்டும் சினிமாவில் கேட்ட எட்டுத்தான். மாமா வரவே இல்லை.

“தட்டுலயும் வெட்டிட்டான்!” என்று யாரோ ஒருவன் கத்தினான். செல்லச்சாமியின் சித்தப்பா மகன் ஒருவன் உக்கிரபாண்டியின் சட்டையைப் பிடித்தான். பொத்தான் தெறித்தது.

“பெத்தணா, நீ சொல்லு,” என்றாள் இருளம்மாள். “பாட்டு இருக்கா, இல்லையா?”

இல்லை என்று சொன்னால் முடிந்தது. ஒல்லி மனிதருக்கு நாலு அறை விழும், வண்டி ஊர் திரும்பும், ராக்காயி சுகமாக இருப்பாள். பெத்தணன் வாயைத் திறந்தான். உக்கிரபாண்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, ஒரு செட்டுக்காரன் இன்னொரு செட்டுக்காரனைப் பார்க்கிற பார்வை. பெத்தணனால் முடியவில்லை.

“சட்டைய விடுலே,” என்றான். “அவரு மேல தப்பு இல்ல. பாட்டு இருக்கு.”

மூன்றாவது பாட்டில் ஊசியை வைத்தான். குமிழை எழுபத்தெட்டுக்குத் தள்ளினான். வெளிக்குழாய் வழியே “மாமா மாமா மாமா” என்று கடைத்தெரு முழுக்கக் கீச்சிட்டது. வெம்பக்கோட்டைக் கூட்டம் ஓவென்று கத்தியது. படிக்கட்டிலேயே ஒருவன் ஆடத் தொடங்கினான். பெத்தணன் கண்ணை மூடிக்கொண்டு குமிழை முப்பத்து மூன்றுக்குத் திருப்பினான்.

குரல் தடுமாறிக் கீழே இறங்கியது. மாமா நீண்டது, கனத்தது, வாம்மா ஆயிற்று. “வாம்மா… வாம்மா…” என்று சற்றுமுன் எல்லாரும் அழுத அதே பாட்டு அறைக்குள் அழுதது. ஆடியவன் தூக்கிய காலோடு நின்றான்.

“தெரியாமப் போட்டுட்டேன் அத்தை,” என்றான் பெத்தணன். “சாமி சத்தியமாத் தெரியாது. எம்மேல என்ன கோவமோ அத எம்மேலயே காட்டுங்க. அவள ஒண்ணும் சொல்லிறாதீக.”

இருளம்மாள் பதில் பேசவில்லை. இருளம்மாள் பேசாமல் இருந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. செல்லச்சாமி தாயையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தை,” என்றாள் ராக்காயி.

எல்லாரும் திரும்பினார்கள்.

“எல்லாருக்கும் மாமான்னு கேட்டுச்சு. எனக்கு மொதத் தடவையே வாம்மான்னுதான் கேட்டுச்சு. இது என்ன பாட்டுன்னு தெரியாது, ஆனா எங்கம்மாவக் கூப்புடுறாப்ல இருந்துச்சு. மணவறையில ஒக்காந்துக்கிட்டு நான் வாயத் தொறந்து கூப்புட முடியுமா? அதான், இன்னொரு தடவ போடச் சொல்லி நானேதான் அண்ணங்கிட்ட ஆள் அனுப்புனேன். தப்புன்னா என்னையத்தான் வையணும்.”

பெத்தணன் தங்கையைப் பார்த்தான். ஒன்பது வயதிலிருந்து பின்னிவிட்ட தலை. அதற்குள் இப்படி ஒன்று இருந்தது அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

இருளம்மாள் மருமகளிடம் வந்தாள்.

“நீ கூப்புட்டியா?”

“ஆமா அத்தை.”

“பெத்த மக கூப்புட்டு வராம இருப்பாகளா? வந்திருக்காக. அம்புட்டுச் சனத்துல நாந்தேன் கவனிக்கல. சம்பந்தக்காரி வீடு தேடி வந்திருக்கா, ஒரு வார்த்த வாங்கன்னு கேக்காம நான் பாட்டுக்கு ஆடிக்கிட்டு நின்னுருக்கேன்.”

தட்டு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருளம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பாட்டு வந்த பக்கமாகத் திரும்பிக் கைகூப்பினாள்.

“வாங்க மதினி,” என்றாள். “தப்பா நெனைக்காதீக.”